வண்டிக்காரன் வராத ஞாயிறுகள்

ஈரல் இல்லை என்பதை ஒரு மனிதர் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

மற்றக் கோழிக்கடைகளில் இல்லை என்றால் இல்லை. கையை விரிப்பார்கள், நாம் நகர்வோம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கூண்டுகளுக்கும் வெட்டுக்கட்டைக்கும் நடுவே ஒரே ஓர் ஆள் நிற்க இடமிருந்த அவருடைய கடையில், இல்லை என்ற சொல்லுக்கே ஓர் ஊரும் வழியும் வழித்துணையும் இருந்தன.

"இருந்திச்சு சார். இல்லன்னு நான் சொல்லவே இல்ல. காலைல மொத ஆளா ஒரு அம்மா வந்திச்சு, பெருநகர் பஸ்ஸ வுட்டு எறங்கி. பொண்ணு மாசமா கீதாம், ஒடம்புல ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்களாம். இடுப்புல ஒரு சாவிக்கொத்து, அத்தப் புடிச்சிகினே பேசுது. அந்த மூஞ்சப் பாத்திருந்தா நீங்களே எடுத்துக் குடுத்திருப்பீங்க."

கொடுத்திருப்பேன்தான். கேட்காத இறக்கைகளை வாங்கிக்கொண்டு, முகம் தெரியாத ஒரு கர்ப்பிணிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டும் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போவேன். அடுத்த வாரம் அந்த அம்மா ஒரு லாரி ஓட்டுநராக மாறியிருப்பார். சாவிக்கொத்து மட்டும் அப்படியே இருக்கும்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. காரணம் சொல்வார். எப்போதாவது கடையில் வந்து உட்காரும் அவர் மனைவி ஒருநாள் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் புகார் வைத்தார்:

"எங்க கல்யாணத்துக்கே லேட்டா வந்த ஆளு சார் இவுரு. ஐயரு கூப்ட்டுகினே கீறாரு, மாப்ளயக் காணோம். கேட்டா, வர்ற வயில ஒரு பாம்பு ரோட்டத் தாண்டுச்சாம், அது தாண்டற வரைக்கும் நின்னாராம். பாம்பு இன்னா ரயிலா?"

"முட்டயோட கீற பாம்புடி அது. மெதுவாதான் போவும்," என்றார் அவர், தலை நிமிராமல்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. கடையில் பார்ப்பதற்கு வெகுநாள் முன்பே அவரை எனக்கு வேறோர் இடத்தில் தெரியும். அங்கே அவர் ஒரு போர்வீரர்.

கைபேசியில் நாங்கள் ஒரு குழு வைத்திருந்தோம். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அந்த ஆளாகவே மாறித் தட்டச்சு செய்து, எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை வளர்க்கும் விளையாட்டு. முகம் காட்டக்கூடாது, சொந்தப் பெயர் சொல்லக்கூடாது, ஊரை மட்டும் சொல்லலாம். ஓர் ஆறு, வடகரையில் ஒரு நாடு, தென்கரையில் ஒரு நாடு, நடுவில் பகை. ஆற்றை உண்டாக்கியவள் பக்கத்தில் பெருநகர் என்ற ஊர்க்காரி, கம்பெனிப் பேருந்தில் வேலைக்குப் போய்வருகிற பெண். அவள் பார்த்து வளர்ந்தது செய்யாறு என்பதால் எங்கள் ஆற்றிலும் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் ஓடியது. படைகள் நனையாமல் நடந்துபோய்ச் சண்டை போட வசதி. அவள்தான் அட்மின். சட்டமும் அவளே, வானிலையும் அவளே.

வார நாட்களில் பேச்சு. ஞாயிறு காலை பத்து மணிக்குப் போர். பகடையைக் குழுவிலேயே உருட்டலாம். விழுகிற எண்ணோடு, அதுவரை போட்ட சண்டைகளில் சேர்ந்த பலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூடியவன் வெல்வான். விழுந்தவன் கதையை விட்டே போய்விட வேண்டும், போர் முடிகிற வரைக்கும் திரும்பக் கூடாது. போர் முடிகிற மாதிரி இல்லை.

அட்மினின் துயரம் என்னவென்றால், ஒரே குழுவுக்குள் இரண்டு சாதி மனிதர்கள் இருந்தோம். முதல் சாதிக்குத் தலைவன் தாமல்காரன். அந்த ஊரில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த இளைஞன். வடகரையின் தளபதி, பெயர் இடிமுரசன். ஞாயிற்றுக்கிழமை யானைமேல் வருவான். "சதக்!" என்று எழுதுவான். மறுபடியும் "சதக்!" என்று எழுதுவான். திங்கள் முதல் சனி வரை இடிமுரசனுக்குத் தாயில்லை, பசியில்லை, பேச வாயுமில்லை. இரண்டாவது சாதி நாங்கள். நான் தென்கரையின் தூதன். ஓர் ஓலையை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், வழியில் நிலவு காய்ந்ததால் அதை வர்ணித்தேன். நிலவு மறைந்ததும் இருளை வர்ணித்தேன். ஆற்றங்கரையை அடைவதற்குள் ஓலை எழுதிய அமைச்சர் செத்துப்போனார். என்னைப் போன்றவர்கள் ஞாயிறு பத்து மணிக்குக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவோம்.

இரண்டையும் சமன்செய்ய அவள் படாத பாடு பட்டாள். ஒரு வெட்டு வெட்ட வேண்டுமானால், வெட்டுகிறவன் தன் வாழ்க்கையைப் பற்றி முதலில் ஒரு பத்தி எழுத வேண்டும் என்று சட்டம் போட்டாள். அந்த ஞாயிறே இடிமுரசன் எழுதினான்: "காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். என் அம்மாவை நினைத்து அழுதேன். சதக்!" சட்டத்தைத் திரும்பப் பெற்றாள்.

அந்தச் சமயத்தில்தான் வண்டிக்காரன் வந்தான். வந்தான் என்று சொல்வது தப்பு. வராமல் இருக்கத் தொடங்கினான்.

தென்கரைப் படையின் கடைசி வரிசையில் சோற்றுமூட்டை ஏற்றிவரும் மாட்டுவண்டி அவனுடையது. கையில் ஓர் ஈட்டி, தலையில் இரும்புத் தொப்பி. ஞாயிறு போருக்கு ஆளைக் காணோம். திங்கள் மதியம் கணக்கு வந்தது. வண்டியின் கடையாணி வழியில் கழன்று விழுந்துவிட்டதாம். சேற்றில் தேடினானாம், அல்லி இலைகளைத் தூக்கிப் பார்த்தானாம், ஒரு நண்டின் வளைக்குள் கைவிட்டு மன்னிப்புக் கேட்காமல் வெளியே எடுத்தானாம். கடைசியில் வலது மாட்டின் வைக்கோலிலேயே ஆணி கிடந்ததாம். மாடு அவனைப் பார்த்த பார்வையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தான். அந்த இரண்டு வரிக்கு என் மூன்று மாத நிலவை ஈடாகக் கொடுப்பேன்.

அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவன் இரும்புத் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தபோது ஒரு கோழி அதில் ஏறி அடைக்கு உட்கார்ந்துவிட்டதாம். தொப்பியில்லாமல் போருக்கு எப்படிப் போவது? கோழியை எழுப்பித் தொப்பியை எடுப்பது எப்படி? வாரக்கணக்கில் அந்தக் கோழி எழுந்திருக்கவில்லை. அது நாளுக்கு ஒருமுறை இறங்கி, அவசரமாகக் கொத்தி, தண்ணீர் குடித்து, பிள்ளையைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போன தாய் மாதிரி ஓடிவரும் ஓட்டத்தைத் திங்கள்தோறும் எழுதினான்.

சண்டைக்காரர்கள் சிரித்தார்கள். "வண்டி வந்துச்சா?" என்பது குழுவில் காலை வணக்கம் ஆனது. ஆனால் திங்கள் மதியம் எல்லோருடைய பெயருக்குப் பக்கத்திலும் பச்சைப் புள்ளி எரிந்தது. ஒரு புதன்கிழமை, வரலாற்றில் முதன்முறையாக, தானாகவே, இடிமுரசன் ஆற்றின் அக்கரையிலிருந்து 'சதக்' அல்லாத ஒரு சொல்லைச் சொன்னான்: "பொரிச்சிடுச்சா?"

அட்மின் எனக்குத் தனியாக எழுதினாள்: "சார், ஒரு சட்டமும் போடாம அந்த ஆளு பண்ணிட்டாரு பாருங்க."

எனக்கு அது போதவில்லை. எனக்கு எதிலும் தத்துவம் வேண்டும். வராமல் இருப்பதே வண்டிக்காரனின் போர் முறை, ஈட்டியை ஏந்தியும் எறியாதிருப்பவனின் அறம் என்றெல்லாம் குழுவில் நீளமாக ஒரு பாராட்டு எழுதினேன். அவர் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினார்.

அறத்தின் கட்டைவிரலை நேரில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோழிக்கடை வரிசையில் நின்றிருந்தேன். வரிசை பேருந்து நிலையச் சுவர் வரை நீண்டிருந்தது. பொழுது போகாமல் கைபேசியில் தூதனுக்காக ஒரு விடியலை எழுதி அனுப்பினேன். கடைக்குள் ஆணியில், பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய கைபேசி 'டிங்' என்றது. இன்னொரு வரி அனுப்பினேன். 'டிங்.' அவர் வெட்டுவதை நிறுத்தி, ஈரமில்லாத சுண்டுவிரலால் திரையைத் தள்ளி, பெருமூச்சு விட்டார்.

"இவுரு ஒர்த்தரு. விடியவே வுட மாட்றாரு."

என் முறை வந்ததும் கேட்டேன். "வண்டிக்காரன் நீங்கதானா?"

கத்தி அந்தரத்தில் நின்றது. "நீங்க?"

"தூதன்."

"அட, நிலா சாரா!" கடை அதிரச் சிரித்தார். "ஓல போய்ச் சேந்துச்சா சார்?"

நான் குரலைத் தாழ்த்தி, மரியாதையாக, ஈட்டி எறியாத அறத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். பிறகு கத்தியால் வரிசையைக் காட்டினார்.

"ஞாயித்துக்கெழம சார். காலைல பத்து மணிக்குச் சண்டன்னு வச்சிகினு கீறாங்க. அவங்கள்லாம் கறி துன்ற ஆளுங்கதானே? நானும் போயி சண்ட போட்டா, அவங்களுக்கு யாரு வெட்டித் தர்றது?"

"அப்ப அந்த அடைக்கோழி?"

கூண்டுக்குள் கையை விட்டார். வெள்ளைக் கோழி ஒன்று சத்தமில்லாமல் வந்தது. "அது எங்க ஆயி வூட்ல பாத்தது சார், சின்னதுல. இங்க வர்ற கோயிக்கு அடன்னா இன்னான்னே தெரியாது. பாவம், அம்மாவும் கெடையாது இதுங்களுக்கு. தோலோடவா, தோல் எடுத்தா?"

தோல் எடுத்து என்றேன். குழுவில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மகானை இழப்போம். அவர்களில் சிலராவது வேறு கடைக்குப் போகக்கூடும்.

இப்படியே நடந்திருக்கும். ஆனால் நாட்காட்டியில் புரட்டாசி என்று ஒரு மாதம் இருக்கிறது.

புரட்டாசி பிறந்ததும் ஊரே பெருமாளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கத்தரிக்காய்க்கு மாறிவிடும். கோழிக்கடை வெட்டுக்கட்டை காய்ந்து வெடிக்கும். அந்த வருடப் புரட்டாசியில் ஞாயிறும் அவருக்கு மற்ற நாளைப் போல ஆகிவிட்டது. குழுவில் ஒரு வரி வந்தது: "வர்ற ஞாயிறு வண்டிக்காரன் போருக்கு வருவான்."

அவனுக்குச் சண்டைப் பலம் ஒன்றுகூட இல்லை. சண்டைக்கு வந்திருந்தால்தானே சேரும்? எதிரே நிற்கிற எவனும் முதல் உருட்டிலேயே அவனை முடித்துவிடலாம். முடிந்தால் சட்டப்படி அவன் வெளியே.

அட்மின் பேருந்திலிருந்தே என்னைக் கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "சார், நீங்களும் அவரும் ஒரே ஊருதானே? போயி வேணாம்னு சொல்லுங்க சார். அவரு செத்துட்டாருன்னா திங்கக்கெழம இந்த குரூப்ப எவன் தொறப்பான்?"

போனேன். காலியான கடையில் அவர் நாஷ்டா சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். கண்ணில் பள்ளிச் சுற்றுலாவுக்கு முந்தின நாளின் பளபளப்பு.

"வேண்டாமே. வண்டிக்காரனுக்குச் சண்டை எதுக்கு?" என்றேன்.

"இன்னா சார் நீங்களே இப்டிச் சொல்றீங்க? சண்டக்குன்னுதானே சார் சேந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவங்க அடிச்சிக்கினத சாயங்காலம் கட சாத்திட்டுப் படிப்பேன். வயிறு எரியும். நானும் ஒரே ஒரு குத்து குத்தணும் சார்."

"வாரம் முழுக்க வெட்டிக்கிட்டுதானே இருக்கீங்க?"

"அது தொயிலு. அதுல எதிர்ல யாரு நிக்கறா?"

நான் வீட்டுக்குத் திரும்பினேன். அட்மின் விடவில்லை. வடகரையில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினாள். யாரும் அவன்மேல் கைவைக்கப் போவதில்லை என்று ஏற்பாடாயிற்று.

ஞாயிறு பத்து மணிக்கு முதல் ஆளாக வந்தது வண்டிக்காரன்தான். "வண்டிய மரத்தடியில வுட்டுட்டேன். ஈட்டி கைல கீது. வாங்க."

வடகரையின் வில்லாளி எழுதினான்: என் நாண் அறுந்துவிட்டது, அதை முறுக்கித் தந்த என் தங்கை இன்று ஊரில் இல்லை. குதிரைப்படைத் தலைவன் எழுதினான்: குதிரைக்கு வயிற்று வலி, அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னொருவனின் தேர் அச்சு முறிந்தது. இன்னொருவனின் கேடயத்தில் குருவி கூடு கட்டியது. இத்தனை காலம் பல் துலக்கியதைத் தவிர வேறெதுவும் எழுதாத மனிதர்கள், அவனைக் கொல்லாமலிருக்க வேண்டி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணில் நீர் வருகிற மாதிரி எழுதினார்கள். அட்மின் இத்தனை நாள் கேட்ட சமநிலை அந்த அரை மணி நேரத்தில் அவள் மடியில் வந்து விழுந்தது.

மணல்வெளியில் அவன் தனியாக நின்றான். அவன் செய்திகள் சுருங்கின. "வாங்க." "யாராவது." "ஏன்யா?" பிறகு, வண்டிக்காரனாக இல்லாமல், கடைக்காரராக எழுதினார்:

"இன்னா நைனா, என் காரணத்த எனக்கே விக்கறீங்களா? நான் வராததுக்குக் கோயிக்கட காரணம். ஞாயித்துக்கெழம யாவாரம். அவ்ளோதான். உங்களுக்கு இன்னா காரணம்? நான் செத்துடுவேன்னு பயமா? சண்டன்னா அதானே?"

நான் காப்பாற்றி வைத்திருந்த மகான் போய்விட்டார், அதைப் பற்றிக்கூட யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"டேய் தாமலு. நீயாவது வாடா."

வடகரையிலிருந்து ஒரு வரி வந்தது. "வர்றேண்ணே."

பிறகு தாமல்காரன் ஒரு பத்தி எழுதினான். எதிரி தரையில் நிற்பதால் இடிமுரசன் யானையைவிட்டு இறங்குகிறான். எதிரியின் தொப்பி கோழியிடம் இருப்பதால் தன் தலைக்கவசத்தைக் கழற்றி மணலில் வைக்கிறான். வெயில் உச்சந்தலையில் படுவது அவனுக்குப் புதிதாக இருக்கிறது. இதுவரை வெட்டிய எவனுடைய முகமும் அவனுக்கு நினைவில்லை. இந்த முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறான். 'சதக்' என்ற சொல் அதில் இல்லை.

வண்டிக்காரன் பகடையை உருட்டினான். ஆறு விழுந்தது. ஈட்டி தளபதியின் தோளில் பாய்ந்தது.

"பட்டுச்சா? பட்டுச்சா?" என்று கேட்டார்.

"பட்டுச்சிண்ணே. ரத்தம் வருது," என்றான் தாமல்காரன்.

அடுத்தது அவன் உருட்ட வேண்டும். அவன் உருட்டினான். மூன்றுதான் விழுந்தது. ஆனால் அத்தனை ஞாயிறுகளின் பலம் கூடச் சேர்ந்தது.

வண்டிக்காரன் இரண்டே வரி எழுதினார். "வண்டிக்காரன் வுயுந்துட்டான். யாராவது போயி மாடுங்கள அவுத்து வுடுங்க." அதற்குக் கீழே, அவர் குழுவை விட்டு வெளியேறினார் என்று கைபேசி தானாக அறிவித்தது. சட்டத்தை அவ்வளவு சீக்கிரம் மதித்த இன்னொருவர் அந்தக் குழுவில் கிடையாது.

அட்மின் அவரைக் கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறாள். வண்டிக்காரனுக்கு ஓர் இரட்டைத் தம்பி இருந்ததாக வைத்துக்கொள்ளலாம், அவன் அதே வண்டியை ஓட்டட்டும் என்று. "அத்தெல்லாம் வேணாம்மா," என்றாராம். "செத்தவன் செத்தவன்தான். தம்பின்னு திரும்பி வந்தா, அந்தப் பையன் யானைய வுட்டு எறங்குனதுக்கு இன்னா மரியாத?"

இப்போது அந்த இடத்தில் வேறொருவர் கடை வைத்திருக்கிறார். பழையவர் தன் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கே போய்விட்டதாகச் சொல்கிறார்கள். ஏன் என்று அவர் வாயால் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு நினைவிருப்பது புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. ஒரு மாத விரதத்தை ஒரே காலையில் முடித்துக்கொள்ள ஊரே கடைமுன் நின்றது. நானும் நின்றேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கத்தி ஓடிக்கொண்டே இருந்தது.

"செம்ம சண்ட சார் அன்னிக்கு! தோள்ல பூந்துச்சு பாத்தீங்களா? எங்க வூட்ல கூடப் படிச்சிக் காமிச்சேன்." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னா சார், மணி பத்தர ஆவுது. சண்ட நேரத்துல இங்க நிக்கறீங்க?"

"சண்டை இல்லை."

"ஏன், அங்க மய பேயுதா?"

"அன்னைக்கு அப்புறம் யாரும் ஆத்துக்கு வர்றதில்ல. ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாரும் வராததுக்குக் காரணம் எழுதுறாங்க. அருமையா எழுதுறாங்க. தாமல்காரன் யானைய வித்துட்டு ஒரு மாட்டுவண்டி வாங்கிட்டான்."

"மத்த அக்கரைக்காரங்க?"

"அவங்களும் வண்டிதான்."

"அப்ப ஆத்தத் தாண்டி ஒர்த்தனும் வர்லியா?"

"வரலை."

கத்தி நின்றது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. எனக்காக எடைபோட்ட கோழியைத் தராசிலேயே விட்டுவிட்டு, காரணம் கேட்கிற முகத்தோடு அவர் என்னைப் பார்த்தார்.

"அப்பறம் நான் இன்னாத்துக்கு சார் செத்தேன்?"